'கயிறு பாடவில்லை' என்றார்

டமார்!

லிஃப்ட் நின்றது. நின்ற வேகத்தில் கொழுந்தன் கையிலிருந்த தேநீர் எகிறி அவன் சட்டைப் பைக்குள்ளேயே விழுந்தது. தலைக்கு மேலே அபாய மணி காது கிழிய அலறத் தொடங்கியது.

"அண்ணி! லிஃப்ட் கம்பெனியோட சொந்த லிஃப்ட்டே நட்டாத்துல விடுது. இவங்களை நம்பி மத்தவங்க எப்படி ஏறுறாங்க?"

அண்ணியின் பார்வை மூலையில் நின்ற மூன்றாவது ஆளின் மேல் இருந்தது. ஐம்பதைத் தொட்ட ஒரு பெண். தோளில் துணிப்பை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவேண்டிய இடத்தில் வெறும் நாடா. அவளுடைய கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

"நான்தான் நிறுத்தினேன். நேத்து உங்களுக்கு போன் பண்ணி, பதினொன்றரைக்கு இந்த லிஃப்ட்டுல ஏறச் சொன்னதும் நான்தான். இந்தக் கட்டடத்துல கேமரா இல்லாத ஒரே இடம் இது. மணி அடிச்சா ஆள் வர ஏழு நிமிஷம் ஆகும்."

"ஏழுன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்றான் கொழுந்தன், பையைப் பிழிந்தபடி.

"மூணு தடவை அளந்து பாத்திருக்கேன்."

அண்ணிக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய்த் தீ விபத்துகளை விசாரித்துவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவள் அண்ணி. அளந்து பார்க்கும் ஆட்களை அவளுக்குப் பிடிக்கும். கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. வாயால் மூன்று வேலையைத் தொலைத்தவன். அந்த வாய்க்குச் சம்பளம் கொடுத்தது அண்ணி ஒருத்திதான்.

"சொல்லுங்க. ஆறு நிமிஷம் இருக்கு," என்றாள் அண்ணி.

"என்னை இங்கே 'பிரேக் அக்கா'ம்பாங்க. எங்க கம்பெனி ஆயிரத்து நூறு லிஃப்ட்டைப் பராமரிக்குது. மூணு வருஷம் முன்னாடி செயற்கை நுண்ணறிவு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. எந்த லிஃப்ட்டை உடனே பாக்கணும், எதைத் தள்ளிப்போடலாம்னு அது சொல்லும். நாங்க அதுக்கு ஜோசியர்னு பேர் வெச்சோம்."

"பலிக்குதா?" என்றான் கொழுந்தன்.

"பெரும்பாலும் பலிக்குது. அதான் பயமே. அதனால ஒரு விதி போட்டாங்க. ஜோசியர் 'தள்ளிவைக்கலாம்'னு சொன்னா, ஒரு மனுஷன் அந்த ஃபைலைப் பாத்து, ஒத்துக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணி, சொந்த வார்த்தையில காரணம் எழுதணும். அந்த மனுஷன் நான். பத்துல மூணை நிறுத்திடுவேன். பேர் அப்படி வந்ததுதான்."

மணி விடாமல் அலறியது. அவள் குரலை உயர்த்தினாள்.

"போன வாரம் ஆறு மாடிக் கட்டடம் ஒண்ணுல லிஃப்ட் ரெண்டு மாடி சரிஞ்சுது. அஞ்சு இரும்புக் கயிறுல மூணு தேஞ்சு நூலாயிருந்துச்சாம். உள்ளே ஒரு பல் டாக்டர். ரெண்டு காலும் முறிஞ்சிடுச்சு. அந்த லிஃப்ட்டைத் தள்ளிவைக்கலாம்னு எழுதினது நான்னு ரெக்கார்டு சொல்லுது."

"எழுதினீங்களா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்." பிரேக் அக்கா கழுத்திலிருந்த வெறும் நாடாவை விரலில் சுற்றினாள். "ஒரு நிமிஷம் அந்தக் குறிப்பைக் காட்டினாங்க. என் வார்த்தை, என் நடை. எழுதின ஞாபகம் மட்டும் இல்லை. நேத்து ராத்திரி, நானே எழுதி மறந்துட்டேன்னு நம்பவே ஆரம்பிச்சுட்டேன். ஒரு ஆளோட காலை ஒடிச்சுட்டு அதைக்கூட மறந்துடுவேனா நான்?"

துணிப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று தொடங்கியது அது. கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"நாலு மணிக்கு விசாரணை. இதுல கையெழுத்துப் போட்டா லைசென்ஸ் மட்டும் போகும், போலீஸ் வரைக்கும் போகாதாம். போடலைன்னா ரெண்டும்."

"யார் கொடுத்தது?"

"கண்காணிப்புக் குழுத் தலைவி. என் சிநேகிதி. பதினோரு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம். இந்த ஆபீஸ்லயே எனக்காக அழுதவ அவ ஒருத்திதான். அவகிட்ட போங்க, எல்லாத்தையும் காட்டுவா."

வெளியே சாவி உரசும் சத்தம் கேட்டது. கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஏழு நிமிஷம், அண்ணி. கரெக்ட்டா ஏழு."

*

தலைவியின் அறையில் இரண்டு தாள்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. ஒன்று அந்த விதி. 'இயந்திரத்தின் ஒவ்வொரு தள்ளிவைப்பையும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் பார்க்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே தலைவியின் கையெழுத்து. அடுத்தது ஒரு பாராட்டுப் பத்திரம். 'மனிதப் பார்வை: நூற்றுக்கு நூறு. மார்ச் முதல் தொடர்ந்து ஐந்து மாதம்.'

"பிப்ரவரில எவ்வளவு?" என்றாள் அண்ணி, உட்காருவதற்கு முன்பே.

"எழுபத்தொண்ணு." தலைவி மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். கண்கள் உண்மையாகவே சிவந்திருந்தன. "அப்புறம் அவ ராப்பகலா உழைச்சு ஏத்தினா. உழைச்சு உழைச்சே களைச்சுட்டா. அதான் இப்படி ஆயிடுச்சு. நான் அவளைக் குத்தம் சொல்லவே இல்லை."

"எங்க கிளாஸ்ல நூத்துக்கு நூறு வாங்கினவனும் இப்படித்தான்," என்றான் கொழுந்தன், பத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடி. "பக்கத்துல எப்பவும் ஒருத்தன் உக்காந்திருப்பான்."

தலைவி சிரிக்கவில்லை. குறிப்பின் அச்சுப் பிரதியை அண்ணியிடம் நீட்டினாள். மூன்றே வரி.

'மெக்கானிக் காதுவிடம் போனில் பேசினேன். கயிறு பாடவில்லை என்றார். ஒரு மாதம் தள்ளலாம்.'

"காதுன்னா யாரு?"

"பழைய மெக்கானிக். மோட்டார் மேல ஸ்க்ரூடிரைவரை வெச்சு, பிடியைக் காதுல ஒட்டிக் கேப்பார். கயிறு தேஞ்சா ஒரு மாதிரி ரீங்காரம் வருமாம். 'பாடுது'ம்பார். இவ அவர்கிட்டக் கேக்காம ஒரு ஃபைலையும் விடமாட்டா. ஆனா அவரைப் போய்ப் பாத்து என்ன ஆகப்போகுது மேடம்? நூறு லிஃப்ட்டுல ஒண்ணு, அவருக்கு ஞாபகமா இருக்கும்?"

"மார்ச்லேர்ந்து இவங்க எழுதின குறிப்பு எல்லாத்தையும் நான் பாக்கணும்."

"தாராளமா! எடுத்துட்டு வரச் சொல்றேன். அத்தனையும் அவ எழுதினதுதான், பாத்தாலே தெரியும்." தலைவி கொஞ்சம் தயங்கினாள். "மேடம், நீங்களாவது சொல்லி அந்த லெட்டர்ல கையெழுத்து வாங்கிக் கொடுங்க. நாலு மணிக்கு அப்புறம் என்னால அவளைக் காப்பாத்த முடியாது. அவ என் கூடப் பிறக்கலை, அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் கொழுந்தன் பெருமூச்சு விட்டான். "இப்படி ஒரு சிநேகிதி எனக்கு இருந்தா மூணு வேலையும் போயிருக்காது."

"இல்லை. நாலாவதும் போயிருக்கும்," என்றாள் அண்ணி.

"ஏன் அண்ணி?"

"அவங்க ஒரு தடவைகூட 'அவ எழுதியிருக்க மாட்டா'ன்னு சொல்லவே இல்லை. வண்டியை எடு."

*

காதுவின் வீடு ஒரு பட்டறைக்கு மேலே இருந்தது. கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. மறுபடி தட்டினார்கள். உள்ளே ஏதோ உருண்டது, தண்ணீர் நின்றது, யாரோ நடந்தார்கள். 'யாரது' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

"பேருக்கு ஏத்த ஆள் இல்லை போல," என்றான் கொழுந்தன். "காது கேக்காத காது!"

கதவு திறந்தது. ஒல்லியான மனிதர். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. கொழுந்தனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் மார்பில் ஒரு விரலை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சொல்றார்?"

"உள்ளே ஒண்ணும் இல்லைங்கிறார்," என்றாள் அண்ணி. "ஐயா, பிரேக் அக்கா அனுப்பி வந்திருக்கோம். நாலு மணிக்கு அவங்க வேலை போகப்போகுது. ஒரே ஒரு கேள்விதான்." அச்சுப் பிரதியை நீட்டினாள். "போன மாசம் பத்தாம் தேதி அவங்க உங்ககிட்ட போன்ல பேசினாங்களா?"

காது படித்தார். ஒருமுறை. இன்னொருமுறை. முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு ஸ்லேட்டோடு திரும்பினார். சாக்பீஸ் கிறீச்சிட்டது.

'பேசினேனா? எந்த வாயால?'

துண்டை அவிழ்த்தார். தொண்டையின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

அண்ணியின் கண்கள் மின்னின. "எப்போ ஆபரேஷன்?"

'மார்ச் மூணு. அன்னிக்குப் போன குரல், இன்னும் வரலை.'

"ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதா?"

காது தலையாட்டினார். அழித்தார், எழுதினார். 'தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. லீவுல ஆபரேஷன் முடிச்சேன். இருமுற மாதிரி நடிச்சு ஓட்டுறேன். போனை எடுக்க மாட்டேன். மெசேஜ் மட்டும்.'

"அஞ்சு மாசம் ஒரு வார்த்தை பேசாம ஆபீஸ்ல இருந்தீங்களா?" கொழுந்தன் நெஞ்சில் கை வைத்தான். "நான் அஞ்சு நிமிஷம்கூடத் தாங்க மாட்டேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா?"

'மெக்கானிக் கிட்ட யார் பேசுறா? பிரேக் அக்கா மட்டும்தான். அவங்களும் மெசேஜ்ல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.'

போனைத் திறந்து காட்டினார். கட்டட எண், கீழே கேள்வி. 'பாடுதா?' அதற்கு அவர் பதில். 'பாடலை.' சில இடத்தில் 'பாடுது, நிறுத்துங்க.' அண்ணி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஆறு மாடிக் கட்டடத்தின் எண் எங்கேயும் இல்லை.

"இந்த லிஃப்ட்டைப் பத்தி உங்ககிட்ட யாருமே கேக்கலை."

சாக்பீஸ் உடைந்தது. மிச்சத் துண்டால் காது மெதுவாக எழுதினார். 'கேட்டிருந்தா போய்க் காதை வெச்சிருப்பேன்.'

அண்ணி எழுந்தாள். "ஐயா, நான் இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வந்து நின்னா நம்புவாங்க. ஆனா உங்க குரல் விஷயம் வெளியே வந்துடும். வேலை போகலாம். வரணும்னு நான் கேக்க மாட்டேன்."

காது ஸ்லேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

*

மூன்றே முக்கால்.

குழு அறையில் நீள மேஜை. தலைப்பக்கம் முதலாளி. அவருக்கு வலப்பக்கம் தலைவி, அவளுக்கு அடுத்த நாற்காலியில் பிரேக் அக்கா. முன்னால் அந்தக் கடிதம். தலைவி பேனாவின் மூடியைக் கழற்றி அவள் கையருகே வைத்திருந்தாள்.

கதவு திறந்தது. குறிப்புகளின் கட்டைச் சுமந்தபடி கொழுந்தன் முதலில் நுழைந்தான். பின்னால் அண்ணி, கடைசியில் காது.

"மன்னிக்கணும்," என்றாள் அண்ணி. "மார்ச் மூணுக்கு அப்புறம் காதுவோட பேர் வர்ற தள்ளிவைப்புக் குறிப்பு நூத்திநாலு. கொழுந்தனாரே, பிரிச்சு வைங்க."

கொழுந்தன் சீட்டுக்கட்டைப் போல இரண்டு அடுக்காகப் பிரித்தான். "இந்தப் பக்கம் அறுபத்தாறு. 'மெசேஜில் கேட்டேன், பாடலை என்று பதில் அனுப்பினார்.' அந்தப் பக்கம் முப்பத்தெட்டு. 'போனில் பேசினேன், பாடவில்லை என்றார்.' பல் டாக்டரோட லிஃப்ட் அந்தப் பக்கம்."

"அதனால என்ன?" என்றார் முதலாளி.

காது துண்டை அவிழ்த்தார். ஸ்லேட்டை நிமிர்த்தினார். 'மார்ச் மூணிலிருந்து எனக்குக் குரல் இல்லை.'

பிரேக் அக்கா எழுந்தேவிட்டாள். "அண்ணே! இதையா மறைச்சு வெச்சிருந்தீங்க? நான் ஏதோ என்மேல கோபம்னு..." அவள் கை தானாக அந்த முப்பத்தெட்டை நோக்கி நீண்டது. "அஞ்சு மாசமா இவர் போனையே எடுக்கலை. நான் எப்படிப் பேசினேன்னு எழுதுவேன்? இது எனக்கே ஏன் தோணலை?"

"மூணு வருஷம் தினம் எழுதின வரி. சொந்த வரியை யாரும் உத்துப் படிக்கிறதில்லை," என்றாள் அண்ணி. "இந்த முப்பத்தெட்டையும் நீங்க எழுதலை. உங்க பழைய குறிப்பைப் படிச்சுக் கத்துக்கிட்ட ஒண்ணு எழுதியிருக்கு. பிப்ரவரி வரைக்கும் நீங்க போன்லதான் பேசினீங்க. அது கத்துக்கிட்டதும் அதோட நின்னுபோச்சு. காதுவுக்குக் குரல் போனது அதுக்குத் தெரியாது."

"ஜோசியரா?" முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்தார். "இயந்திரமே முடிவு சொல்லி, இயந்திரமே சரிபார்த்துக்கிச்சா?"

"பரீட்சை எழுதினவனே பேப்பரும் திருத்தியிருக்கான்," என்றான் கொழுந்தன். "நூத்துக்கு நூறு வராம என்ன செய்யும்?"

தலைவி பட்டென்று மேஜையைத் தட்டினாள். "கம்ப்யூட்டர் செக்‌ஷன் வேலை இது! நான் அப்பவே சொன்னேன், அவங்களை நம்பாதீங்கன்னு. பாத்தியாடி? உன்னை எப்படி மாட்டிவிட்டிருக்காங்க பாரு!" பிரேக் அக்காவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

அண்ணி காத்திருந்தாள். அணைப்பு முடிந்ததும் மெல்லச் சொன்னாள்.

"முப்பத்தெட்டும் வியாழக்கிழமை. முப்பத்தெட்டும் மூணு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுல பதிவாயிருக்கு. வியாழக்கிழமை மூணு மணிக்கு நீங்க எங்கே இருப்பீங்க, அக்கா?"

"இங்கேதான்." பிரேக் அக்கா தன் நாற்காலியைத் தொட்டாள். "இதே சீட்ல. வாராந்தரக் குழுக் கூட்டம். இயந்திரத்தை மனுஷன் எப்படிக் கண்காணிக்கணும்னு..." குரல் தேய்ந்தது. "அஞ்சு மணி வரைக்கும் இவ விடமாட்டா. டீ குடிச்சுட்டுப் போலாம், இருடின்னு உக்கார வெச்சுடுவா."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதில் விழுந்தது போலிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி," என்றாள் அண்ணி. "உங்க மூணு வருஷத்துக் குறிப்பு மொத்தமும் யார்கிட்ட கொடுத்தீங்க?"

பிரேக் அக்கா தன் தோளில் இன்னும் இருந்த கையைப் பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாக எடுத்து, மேஜை மேல் வைத்தாள்.

"புதுசா வர்ற ஆளுங்களுக்குப் பாடப் புத்தகம் போடணும்னு கேட்டே. 'உன்னை மாதிரி பாக்கக் கத்துக்கணும்டி அவங்க'ன்னே. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து தேதிவாரியா அடுக்கி, கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். பெருமையா இருந்துச்சு எனக்கு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "புத்தகம் எங்கேடி?"

தலைவியின் முகத்தில் அழுகைக்கான தயாரிப்பு தெரிந்தது. ஆனால் இந்த முறை கண்ணீர் வரவில்லை.

"எழுபத்தொண்ணுன்னு கணக்கு போனா, ஜோசியரை வெச்சுக்க நமக்கு இருக்கிற அனுமதி ரத்து. தெரியுமா உனக்கு? ரெண்டாவது ஆள் கேட்டு நாலு தடவை எழுதினேன். இவர் தரலை."

முதலாளி மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"வாரத்துக்கு ரெண்டு மூணு ஃபைல்தான்டி தேங்கும். அதை மட்டும்தான் ஜோசியர்கிட்ட கொடுத்தேன், நீ கூட்டத்துல இருக்கிறப்போ தானா பதிவாகுற மாதிரி. உன்னை மாதிரியே எழுதுச்சு. உன்னை மாதிரியே பத்துல மூணை நிறுத்தவும் செஞ்சுது. தப்பே வரலை, இந்த ஒண்ணைத் தவிர."

"அந்த ஒண்ணு ரெண்டு காலும் ஒடிஞ்சு படுத்திருக்கு ஆஸ்பத்திரில," என்றான் கொழுந்தன். இந்த முறை அவன் குரலில் வேடிக்கை இல்லை.

"நான் உன்னை மாட்டிவிடணும்னு செய்யலை. நடந்ததுக்கு அப்புறம் எப்படியாவது உன்னைக் காப்பாத்தத்தான்..."

"இதைக் கொடுத்தியா?" பிரேக் அக்கா கவனக்குறைவுக் கடிதத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை. நாலாக மடித்துத் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்தாள். "மூணு நாளா என் மூளையே கெட்டுப்போச்சோன்னு பயந்தேன். நீ பக்கத்துல உக்காந்து, ஆமாம்டி, உனக்கு ரெஸ்ட் வேணும்டின்னே. பதினோரு வருஷம். ஒரே ரூம். எனக்குக் காய்ச்சல்னா நீ முழிச்சிருந்தவடி."

பிரேக் அக்கா முப்பத்தெட்டிலிருந்து ஒரே ஒரு தாளை உருவினாள். மூன்று வரி. அடியில் அச்சில் அவள் பெயர். அதைச் சிநேகிதியின் முன்னால் வைத்து, ஓரங்களைக் கையால் நீவிச் சரிசெய்தாள். கடிகாரத்தில் மணி நாலு அடித்தது. அவள் கவனிக்கவில்லை.

"எல்லாத்தையும் விடு. அந்தப் பல் டாக்டருக்காக ஒண்ணு மட்டும் சொல்லு. அது எழுதுச்சு, சரி. இதை வெளியே அனுப்புறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவையாவது நீ படிச்சியா?"

தலைவி அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை. வியப்பு மட்டும்தான் இருந்தது.

"எதுக்குடி படிக்கணும்? கீழே உன் பேர் இருந்துச்சே!"